சுற்றினால் ஏறும் கட்டில்

அந்தக் கட்டிலின் தலைப்பக்கம் முழுதாக நிமிர வேண்டுமானால் கைப்பிடியை முப்பத்தெட்டு முறை சுற்ற வேண்டும். மறுபடி படுக்க வைக்க இன்னொரு முப்பத்தெட்டு. காலையில் பசியாற, மத்தியானம் சாப்பிட, சாயங்காலம் மைலோ குடிக்க, இரவு கஞ்சிக்கு என்று நாலு வேளை. ஒரு நாள் கடுப்பில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், முந்நூற்று நாலு சுற்று வந்தது. அதைப் போடாமலே இருந்திருக்கலாம். அதுவரை கைதான் வலித்துக்கொண்டிருந்தது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நானும் என் கணவரும் பிரிக்பீல்ட்ஸில், தண்டவாளத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பிள்ளைகள் இல்லை. அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், ரயில்வேயில் கிளார்க். நான் கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் மகள், பங்சாரில் ஓர் எஞ்சினியர் ஆபீசில் டைப்பிஸ்ட். எங்கள் கல்யாணத்தில் அவர் வீட்டாருக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. அதை அவர்கள் மறைத்ததும் இல்லை. நானும் சும்மா இருந்ததில்லை, எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. அதில் நாலே நாலு சொல் மட்டும் எப்படியோ தப்பி நின்றன: ஓம், தண்ணி, வீடு, திருப்பி. ஓம் என்றால் அவர்கள் பேச்சில் ஆமாம். இருபது வருஷம் என்னை "இஞ்சாரும், இஞ்சாரும்" என்று கூப்பிட்ட மனிதர். அந்தச் சொல்கூட மிஞ்சவில்லை.

ஆஸ்பத்திரியில் அவருடைய அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "இஞ்ச பாரும், உம்மால ஏலாது. நீர் வேலைக்கும் போக வேணும். ஒரு ஹோமில விடுவம்" என்றார். படுக்கையிலிருந்து அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்துவிட்டது போலிருக்கிறது. இடது கையால் என் சேலைத் தலைப்பைப் பிடித்து "வீடு" என்றார். எனக்கு வந்ததே கோபம். "என் வீட்டுக்காரர எனக்குப் பார்த்துக்கத் தெரியும். நீங்க ஒண்ணும் கவலப்பட வேணாம்கா" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அன்றைக்கு அவர் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, அதை நம்பித்தான் நான் அந்த வேலையில் இறங்கினேன்.

கிள்ளானில் ஒரு கிளினிக்கை மூடினார்கள். அங்கே பழைய கட்டில் ஒன்று கிடைத்தது. இரும்புக் கட்டில், நாலு காலிலும் சக்கரம், கால்மாட்டில் மடக்கி வைக்கிற கைப்பிடி. லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் மூன்று படி. தூக்கினால் இடுப்பு போய்விடும் என்று சொல்லி லோரிக்கார அண்ணன் ஒரு நீளப் பலகையைப் படிமேல் சாய்த்துப் போட்டு, கட்டிலை அதன்மேல் உருட்டி ஒரே தள்ளாகத் தள்ளி உள்ளே கொண்டுவந்துவிட்டார். போகும்போது பலகையைத் திரும்ப ஏற்றப்போனவர், உள்ளே நாற்காலியில் சாய்ந்துகிடந்த என் கணவரைப் பார்த்துவிட்டு நின்றார். "அக்கா, இத நீங்களே வச்சிக்குங்க. வீல்சேருக்கு வேணும்லா" என்றார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

முதல் வாரம் கட்டில் எனக்கு அதிசயமாகத்தான் இருந்தது. எண்பது கிலோ மனிதர். எழுந்து உட்கார வைக்க ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் வருவார்கள். இங்கே நான் ஒருத்தி, ஒற்றைக் கையால் கைப்பிடியைச் சுற்றினால் அவர் பாட்டுக்கு மேலே வருகிறார். கட்டிலுக்கு அடியில் நீளமாக ஒரு திருகு. கைப்பிடி அதைச் சுழற்றும், திருகின் மரையில் ஒரு கட்டை ஊர்ந்து போகும், அந்தக் கட்டை ஒரு நெம்புகோலைத் தள்ளும், நெம்புகோல் முதுகுப் பலகையைத் தூக்கும். எல்லாவற்றையும் குனிந்து பார்த்து வைத்திருந்தேன். இரண்டாவது வாரம் அதிசயம் தீர்ந்துவிட்டது. கைப்பிடி முழங்கால் உயரத்தில் இருந்ததால் குனிந்தபடிதான் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு விரல்கடை உயர்ந்தால் பெரிய காரியம்.

மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு டைப் அடித்ததைப் பார்த்து எஞ்சினியர் என்ன என்று கேட்டார். மலாய்க்காரர், நல்ல மனிதர். கட்டிலைப் பலகை போட்டு ஏற்றிய கதையிலிருந்து எல்லாவற்றையும் புலம்பினேன். இவ்வளவு சுற்றியும் ஏன் இவ்வளவு மெதுவாக ஏறுகிறது, ஏதாவது பழுதா என்று கேட்டேன். அவர் ஒரு காகிதத்தை முக்கோணமாக வெட்டி ஒரு பென்சிலில் சுற்றிக் காட்டினார். காகிதத்தின் சாய்ந்த ஓரம் பென்சிலைச் சுற்றிச் சுற்றி ஏறியது. திருகு என்பது இவ்வளவுதான், தூணில் சுற்றி வைத்த சாய்வுப் பலகை என்றார். உங்கள் வீட்டு வாசலில் பலகை போட்டுக் கட்டிலை ஏற்றினார்களே, அதே சங்கதிதான், நீளமான பாதையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, அதனால் பலம் குறைவாகப் போதும் என்றார். "ஆனால் வேலை குறையாது. அதே வேலைதான்" என்று சொல்லிச் சிரித்தார்.

பலம் குறையுமாம், வேலை குறையாதாம். இதைச் சொல்ல ஓர் எஞ்சினியர் வேண்டுமா? என் மணிக்கட்டைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்.

ஆனாலும் அந்த முக்கோணக் காகிதம் மனதில் ஒட்டிக்கொண்டது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கண்ணில் பட்டதெல்லாம் சாய்வாகவே தெரிந்தது. அவருக்குக் கோழி இறைச்சியைக் கூழாக அரைத்துக் கொடுக்க வேண்டும். மேசை ஓரத்தில் மாட்டிச் சுற்றுகிற அரைக்கும் மிஷினுக்குள் இருப்பதும் ஒரு பெரிய திருகு. அதை மேசையில் இறுக்கிப் பிடித்திருப்பது இன்னொரு திருகு. பால் டின்னைத் திறக்கிற ஓப்பனரில் ஒரு குட்டிச் சக்கரம், அதன் விளிம்பு ஆப்பு மாதிரி சரிந்திருக்கிறது, பிடியைத் திருகினால் தகரத்துக்குள் புகுந்து வெட்டிக்கொண்டே போகிறது. குழாயை மூடினால் அதிலும் திருகு. விடிந்தது முதல் படுக்கிறவரை எதையாவது திருகிக்கொண்டே இருக்கிறேன், எல்லாம் என்னை இலேசாக்கத்தான் செய்து வைத்திருக்கிறார்கள், நான் மட்டும் ஏன் இப்படிக் களைத்துப்போகிறேன் என்று அடுப்படியில் நின்று வாய்விட்டே கேட்டேன். உள்ளேயிருந்து அவர் "ஓம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆபீசில் மத்தியானத்துக்கு ஒரு மணி நேரம் விடுவார்கள். மினி பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்து, சுற்றி, ஊட்டி, வாயைத் துடைத்து, மறுபடி பஸ்ஸுக்கு ஓடுவேன். சாப்பிட்டதும் உடனே படுக்க வைக்கக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்று டாக்டர் பயமுறுத்தி வைத்திருந்தார். அதனால் உட்கார்த்தி வைத்தபடியே விட்டுவிட்டுப் போய்விடுவேன், சாயங்காலம் வந்துதான் இறக்கிக் கொஞ்சம் படுக்க வைப்பேன், மைலோவுக்கு மறுபடி ஏற்றுவேன். பக்கத்து வீட்டு அக்கா நடுவில் வந்து எட்டிப் பார்த்துத் தண்ணீர் கொடுப்பார். அந்தக் கைப்பிடியைத் தொட அவருக்குப் பயம்.

இனி அந்தத் "திருப்பி"க்கு வருகிறேன்.

முதலில் அந்தச் சொல்லை அவர் மைலோவுக்குத்தான் சொன்னார். ஒரு கோப்பை குடித்து முடித்ததும் "திருப்பி" என்றார். இன்னொரு கோப்பை கொடுத்தேன். ரேடியோவில் பாட்டு முடிந்ததும் "திருப்பி" என்றார். அதற்கு நான் என்ன செய்ய முடியும், "அவன் திருப்பிப் போட்டா கேளுங்க" என்றேன். ஆக, திருப்பி என்றால் இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

கட்டிலைச் சுற்றும்போதும் "திருப்பி" என்பார். நான் குனிந்து சுற்றிக்கொண்டிருப்பேன், அவர் முகம் எனக்குத் தெரியாது. இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொல்கிறார் என்று சுற்றுவேன். சத்தம் கூடும். "திருப்பி! திருப்பி!" சரி சரி, சுற்றிக்கொண்டுதானே இருக்கிறேன் என்று வேகமாகச் சுற்றுவேன். கைப்பிடி முட்டி நிற்கும்வரை சுற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் மனிதர் கோபமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். "இதுக்கு மேல ஏறாதுங்க. அவ்வளவுதான் கட்டிலு. கூரைக்கா ஏத்த முடியும்?" என்று நானும் எரிந்து விழுவேன். அவருடைய இடது கை எந்நேரமும் கட்டில் ஓரக் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி இருக்கும். அதையும் கோபம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஆறு வாரம் இப்படிப் போயிற்று. ஒரு சனிக்கிழமை உடம்பு துடைக்க அவரைப் புரட்டியபோது முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் தோல் கிழிந்து, உள்ளே சிவப்பாக, ஐம்பது காசு அகலத்தில் ஒரு புண் இருந்தது. அதற்கு முந்தைய வாரம் அங்கே வெறும் சிவப்புத்தான் பார்த்திருந்தேன், பவுடர் போட்டுவிட்டு மறந்துபோயிருந்தேன்.

திங்கட்கிழமை மருந்து கட்ட ஒரு மிஸ்ஸி, நர்ஸைத்தான் அப்படிச் சொல்வோம், வீட்டுக்கு வந்தார். தமிழ்ப் பெண், என்னைவிட இளையவர். நான் வழக்கம்போல என் வீட்டுக்காரரைக் கட்டிலில் உட்கார்த்தி வைத்திருந்தேன். பார்த்ததுமே மிஸ்ஸி, "ஏன்கா இவ்வளவு செங்குத்தா ஏத்தி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"நானா ஏத்துறேன்? அவர்தான் ஏத்து ஏத்துன்னு உயிர எடுக்கிறாரு."

"இவ்வளவு நிமித்தி வச்சா ஒடம்பு சறுக்கிக்கிட்டே கீழ வரும்கா. எலும்பு கீழ வரும், தோலு துணியில ஒட்டிக்கிட்டு வராது. அதான் கிழிஞ்சிருக்கு. பாருங்க, சறுக்காம இருக்கத்தான் கம்பியப் பிடிச்சிக்கிட்டு இருக்காரு."

மிஸ்ஸி அவர் பக்கத்தில் குனிந்தார். கம்பியிலிருந்து அவர் கையை மெதுவாக எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு, "அங்கிள், ஏத்தணுமா, எறக்கணுமா? கையால காட்டுங்க" என்றார்.

அவர் உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து மெத்தையை நோக்கி அழுத்தினார். பிறகு "திருப்பி" என்றார். ஒரு விரலை நீட்டிக் காற்றில் ஒரு வட்டம் போட்டார். நான் சுற்றுகிற பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கமாகப் போட்டார்.

அட கடவுளே. திருப்பிச் சுற்று. பின்பக்கமாகச் சுற்று. ஆறு வாரமாக அந்த மனிதர் என்னைக் கட்டிலை இறக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் கத்தக் கத்த நான் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

எனக்கு என்ன வந்தது தெரியுமா? அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "எறக்குன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? எறக்கு! அவ்வளவுதானே!" என்று அவரைப் பார்த்துக் கத்தினேன். மிஸ்ஸி என்னை ஒரு மாதிரி பார்த்தார். கட்டிலில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சொல் அவரிடம் இல்லை என்பது கத்தி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வைத்திருக்கிற தமிழையும் சேர்த்துத் திட்டினேன், அடுப்படியில் போய், யாருக்கும் கேட்காமல். அப்புறம்தான் அழுதேன்.

அதற்குப் பிறகு கட்டிலைப் பாதிக்கு மேல் ஏற்றுவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் பக்கவாட்டில் புரட்டிவிட வேண்டும் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தார். பகலில் அது எப்படி முடியும்? முதலில் லீவு போட்டேன், லீவு தீர்ந்ததும் சம்பளமில்லாத லீவு போட்டேன். எண்பது கிலோவைப் புரட்ட எந்தத் திருகும் இல்லை, என் இடுப்புத்தான். மூன்றாவது வாரம் புண் ஐம்பது காசைத் தாண்டிவிட்டது.

அவருடைய அக்கா பார்க்க வந்தார். புண்ணைப் பார்த்தார். வாயைத் திறந்து ஒரு சொல் குறை சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தேன். அவர் குறை சொல்லவில்லை. என் கையைப் பிடித்துப் பார்த்தார், மணிக்கட்டில் வீக்கம் இருந்தது. "நீர் எவ்வளவு மெலிஞ்சு போனீர்" என்றார். "புண் ஆறும் மட்டும் எண்டாலும் ஹோமில விடுவம். பிறகு கூட்டிக்கொண்டு வரலாம்தானே." திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், என் வீட்டுக்காரரை வீட்டிலேயே வைத்தும் இருந்திருப்பேன். அக்கா அன்பாகப் பேசியதை என்னால் எதிர்த்து நிற்க முடியவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

கிள்ளானில் ஒரு ஹோம். போகிற நாள் காலையில் சக்கர நாற்காலியில் உட்கார்த்தி, வாசல் படியில் பலகையைப் போட்டேன். தெருவோரத்தில் அக்காவின் கார் நின்றது. பலகை ஆறடிதான், அதற்கு மேல் போட இடமில்லை, அந்தப் பக்கம் லோங்காங், தெருச் சாக்கடை. அந்தச் சரிவில் நாற்காலியை நேராக இறக்கினால் மனிதர் முன்னால் விழுந்துவிடுவார். நான் முதலில் பின்னால் காலெடுத்து வைத்து இறங்க வேண்டும், நாற்காலி என் நெஞ்சில் சாய்ந்தபடி பின்புறமாகவே இறங்கி வரும். ஆகவே அவர் வீட்டைப் பார்த்தபடி, நான் அவர் முதுகைப் பார்த்தபடி இறங்கினோம்.

பாதிப் பலகையில் நாற்காலி நின்றுவிட்டது. ஏதோ கல் தடுக்கிவிட்டது என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் அவர் இடது கையால் சக்கரத்தைப் பிடித்திருந்தார். விரல் நுனிகள் வெளுத்துப்போயிருந்தன. "வீடு" என்றார்.

பின்னால் இழுத்தேன், அசையவில்லை. முன்னால் தள்ளி மேலே ஏற்றிவிடலாமா என்றும் ஒரு கணம் நினைத்தேன். மூன்றடி தூரம்தான். தள்ளிப் பார்த்தேனா என்று கேட்டால், இல்லை. அந்த மூன்றடியை ஏற்றினால் அதற்குப் பிறகு நாளெல்லாம் கைப்பிடிச் சுற்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு புரட்டு, எல்லாம் அங்கே உள்ளே எனக்காகக் காத்துக்கொண்டிருந்தன. எனக்குத் தெம்பில்லை. அவர் காதுப் பக்கம் குனிந்து, "புண்ணு ஆறுனதும் திருப்பிக் கூட்டிட்டு வந்துடுறேங்க. என் மேல சத்தியமா" என்றேன்.

அந்தத் "திருப்பி" அவருக்குச் சரியாகப் புரிந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். அங்கே இரண்டு பேர் சேர்ந்து அவரைப் புரட்டினார்கள், உடம்பு சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்ததும் "வீடு" என்பார், நான் "புண்ணு ஆறட்டுங்க" என்பேன், அவர் "ஓம்" என்பார். அந்தப் பதிலை அவர் நம்பினார். நான் வாரத்தில் ஆறு நாள் மல்லாந்து படுத்துத் தூங்கினேன். மணிக்கட்டு வீக்கம் வடிந்தது. ஆபீசில் எல்லோரும் முகம் தெளிந்துவிட்டது என்றார்கள், எனக்கு அதைக் கேட்க வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹோமிலிருந்த மிஸ்ஸி என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். சிரித்த முகம். "அக்கா, நல்ல சேதி. புண்ணு சுத்தமா மூடிடுச்சு. தோலு நல்லா வந்துடுச்சு. நீங்க எப்ப வேணும்னாலும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்" என்றார்.

புண் முதுகுக்குக் கீழே இருந்தது. அவரால் அதைப் பார்க்க முடியாது, தொட்டுப் பார்க்கவும் அந்தக் கை எட்டாது. யாராவது சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

நான் பையிலிருந்த ஆரஞ்சுப் பழங்களை எடுத்து மிஸ்ஸியின் கையில் கொடுத்தேன். அவரிடம் இப்போதைக்கு அதைச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.